பூபதியைக் கண்டால் கத்தும் மரங்கள்

மரத்தைக் கேட்காமல் மரத்தில் கைவைக்கக் கூடாது என்று சட்டம் வந்த அன்று, கோயம்புத்தூரிலேயே அதிகம் சந்தோஷப்பட்ட மனிதர் பூபதிதான். மைசூர்பாகு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால், அதைத் தாமே தின்று தீர்த்திருக்கலாம். வயிறாவது நிறைந்திருக்கும்.

பூபதிக்குத் தொழில் மர வைத்தியம். பட்ட கிளையை எடுப்பது, பொந்து விழுந்த மரத்தைச் சோதிப்பது, காற்றில் பிளந்த கவட்டைக்கு இரும்புக் கம்பி போட்டு இறுக்குவது, விளம்பரக்காரர்கள் அடித்துவிட்டுப் போன ஆணிகளைப் பிடுங்குவது, இப்படி. சிங்காநல்லூரில் வீட்டோடு சேர்ந்த ஆபீஸ். வாசலில் ஒரு வேப்பமரம், அதன்மேல் ‘பூபதி மர மருத்துவமனை: வேர் முதல் நுனி வரை’ என்ற பலகை. மரத்தடி வரைக்கும் வழவழவென்று டைல்ஸ் பதித்து, வாடிக்கையாளர்கள் கார் நிறுத்த இடம்.

“நடந்து வர முடியாத நோயாளிகளுக்கு நடத்துற ஆஸ்பத்திரிங்க இது. இதுக்கு எதுக்குங்க இத்தாப்பெரிய வாசல்?” என்று அவர் மனைவி ஹேமலதா டைல்ஸ் பதித்த நாளிலேயே கேட்டாள். போனை எடுப்பது, ஆட்களை அனுப்புவது, பேரம் பேசுவது எல்லாம் அவள். மரத்தில் ஏறுவதும், இறங்கியதும் கீழே நிற்பவர்களுக்குப் பிரசங்கம் செய்வதும் பூபதி. இரண்டில் எதை அவர் அதிக நேரம் செய்தார் என்று கேட்காதீர்கள்.

சட்டத்தோடு ஒரு பெட்டியும் வந்தது. சோப்பு டப்பா அளவுதான். ஒவ்வொரு மரத்திலும் பட்டைக்குள் இரண்டு ஊசியைச் செருகி மாட்டிவிடுவார்கள். மரத்துக்குள் ஓடும் மெல்லிய மின்துடிப்பை அது படிக்கும். மரம் நிம்மதியாக இருந்தால் பச்சை விளக்கு, கூடவே புல்லாங்குழல். பயந்தால் சிவப்பு விளக்கு, கூடவே ஜலதோஷம் பிடித்த லாரி ரிவர்ஸ் எடுப்பது போல ஒரு கூவல். ஜனங்கள் அதற்கு மரவாய் என்று பெயர் வைத்தார்கள். ரம்பத்தின் பல் பட்டையைத் தொடும் நேரத்தில் எந்த விளக்கு எரிகிறதோ, அதுதான் மரத்தின் பதில். பச்சை என்றால் வெட்டலாம். சிவப்பு என்றால் ரம்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே போகவேண்டியதுதான்.

இந்தச் சட்டம் வேண்டும் என்று கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினவரே பூபதிதான். காரணம் ‘மிஷின்’ துரைராஜ். துரைராஜ் மிஷின் ரம்பத்தோடு வருவார். மரத்தை ஏற இறங்கப் பார்க்கக்கூட மாட்டார். காது குத்துக்கு வந்த பிள்ளைக்கு மொட்டையடிப்பது போல வழித்துவிட்டுப் போய்விடுவார். பாதி கூலிதான் கேட்பார் என்பதால் கூப்பிடுபவர்கள் அதிகம்.

“மரத்துக்கு மட்டும் வாய் இருந்துச்சுன்னு வையுங்க, எங்கிட்டத்தான் வைத்தியம் பாப்பேன்னு அதுவே சொல்லிப்போடும்” என்பார் பூபதி, மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மரத்துக்கு வாய் வந்தது. வேலவன் நகர் குடியிருப்போர் சங்கத்தில் பந்தல் போட்டு விழா. தெரு முனையில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரத்துக்கு மாலை. சங்கச் செயலாளர் கனகசபை, பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், பூபதியை மேடைக்கு அழைத்தார். பூபதி மரத்தைக் கட்டிக்கொண்டார். பச்சை. புல்லாங்குழல். கைத்தட்டல். அத்தோடு இறங்கியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் மரத்தைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. இடுப்பில் செருகியிருந்த கொட்டாப்புளியை எடுத்தார். மரத்தால் செய்த சுத்திதான். தட்டிப் பார்த்துத்தான் எந்த மரத்திலும் அவர் கைவைப்பார். கெட்டியான இடம் ஒரு மாதிரி கேட்கும், உள்ளே அழுகின இடம் தேங்காய் மூடி மாதிரி கேட்கும்.

டொக். டொக். டொக்.

பெட்டி கூவியது. அடுத்த மரம் கூவியது. அதற்கடுத்ததும். தெரு முழுக்க, புங்கை, வாகை, பாதாம் என்று ஜாதி பார்க்காமல் எல்லா மரமும் சிவந்துபோய்க் கூவியது. நடு மேடையில், கையில் கொட்டாப்புளியோடு, சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார் பூபதி. அப்போது பார்த்துக் கூட்டத்திலிருந்து துரைராஜ் எழுந்து வந்தார். கூவல் அடங்கும்வரை பொறுமையாக நின்றார். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு சின்னக் கிளையில் ரம்பத்தை வைத்தார்.

பச்சை. புல்லாங்குழல்.

“மரமே யாருன்னு சொல்லிருச்சுங்கோ” என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். கிளை விழுந்த பிறகு விளக்கு சிவந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பதில்தான் ஏற்கெனவே பதிவாகிவிட்டதே.

அந்த வீடியோ ஊரைச் சுற்றியது. பூபதியை அழைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து, மரியாதையாக, வேண்டாம் என்றார்கள். “நாங்க வரச்சொல்லுவோமுங்க, மரந்தான் ஒத்துக்க மாட்டேங்குது” என்றார் ஒருவர். வேறொரு வீட்டில் பிள்ளை சாப்பிட அடம் பிடித்தபோது, “சாப்பிடலைன்னா பூபதி மாமாவக் கூப்பிடுவேன்” என்று தாய் மிரட்டினாளாம். இதை ஹேமலதாதான் கேட்டுவந்து சொன்னாள், காப்பி ஆறுவதற்குள்.

ஒரே ஒரு மரம் மட்டும் அவரைக் கைவிடவில்லை. சொந்த வாசலில் நின்ற வேப்பமரம். எவ்வளவு தட்டினாலும் பச்சை, புல்லாங்குழல். பூபதி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து, ‘எங்களை நம்பும் மரம்’ என்று புதிதாக ஒரு பலகை வைத்தார். மனிதருக்கு அவமானம் வந்தால் எங்கெல்லாம் போய் ஒதுங்குகிறார் பாருங்கள்.

ஆனால் அவரைத் தூங்கவிடாதது அவமானம் இல்லை. விழா அன்று பெட்டி கூவுவதற்கு முன்னால், அந்தத் தூங்குமூஞ்சி மரத்தின் தெற்குக் கிளைக்குக் கீழே தட்டினபோது, அவர் காதுக்கு மட்டும் தேங்காய் மூடிச் சத்தம் கேட்டிருந்தது. கிளை ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற கனம். அதற்கு நேர் கீழேதான் துளசிமணியின் துணி தேய்ப்பு வண்டி. விடிந்தால் வந்து கரிப்பெட்டியை மூட்டினால் பொழுது சாயும்வரை அங்கேதான் நிற்பாள். ஐப்பசி மழை வருவதற்குள் அந்தக் கிளையை இறக்கியாக வேண்டும்.

கனகசபையிடம் போனார்.

“பூபதி, மரவாய் பச்சையா இருக்கு. காலையில இருந்து புல்லாங்குழல் கேட்டுத்தான் நான் பேப்பரே படிக்கிறேன். நல்லா இருக்கற மரத்தை எதுக்கு வெட்டணும்?”

“உள்ளுக்குள்ள செத்துப்போன கட்டைக்கு வலிக்காதுங்க சார். வலிக்கலைன்னா பெட்டிக்கு எப்படித் தெரியும்?”

“உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்?”

“தட்டிப் பாத்தனுங்க.”

“தட்டினப்ப மரம் என்ன சொல்லுச்சுன்னு ஊரே கேட்டுதே” என்று கதவைச் சாத்தினார் கனகசபை.

துளசிமணியிடம் போனார். “அக்கா, ஒரு ரெண்டு மாசத்துக்கு வண்டிய அக்கட்ட தள்ளி நிறுத்தீருங்க.”

“வண்டியத் தள்ளலாமுங்ணா. நெழல எப்புடித் தள்ளீட்டுப் போறது?” அவள் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். “இந்தக் கரிப்பெட்டிச் சூட்டோட வெயில்லயும் நின்னா நானே சுருக்கம் எடுத்த துணியாட்டம் ஆயிருவேன். அதுமில்லாம, பாருங்க, பாடுதுங்க பாவம். சந்தோசமா இருக்கறதப் போய் எதுக்குங்ணா சீண்டறீங்க?”

மரம் தலைக்குமேல் குழல் ஊதிக்கொண்டிருந்தது. பூபதிக்கு அந்தப் புல்லாங்குழலை எடுத்து எங்காவது செருகலாம் போல இருந்தது.

அந்த வாரம் பெட்டிக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் ஆபீஸுக்கு வந்தாள். பெயர் வெண்பா. பிள்ளைக்கு இன்னும் கல்லூரிக் களை போகவில்லை. டைல்ஸில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவள், “அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பக்கம் வர்ற சிவப்பு சிக்னல் முக்கால்வாசி உங்க ஒருத்தர் பேர்லதான் வருது. பெட்டி ரிப்பேரா, நீங்க ரிப்பேரான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க” என்றாள்.

“ரெண்டாவதுதானுங்க அம்மிணி. கலியாணம் ஆன நாள்ல இருந்தே அப்படித்தான்” என்று காப்பியை வைத்தாள் ஹேமலதா.

பூபதி எப்படி வேலை செய்வார் என்று வெண்பா ஒவ்வொன்றாகக் கேட்டாள். கொட்டாப்புளியைக் கையில் வாங்கி மேசைமேல் தட்டிப் பார்த்தாள்.

“அங்கிள், நீங்க மொதல்ல தட்டுறீங்க. அப்புறம் வெட்டுறீங்க. இத்தனை வருஷமா, ஒவ்வொரு தடவையும். அதிர்வு மரத்துக்கு நல்லாவே தெரியும். இந்தச் சத்தம் கேட்டா அடுத்தது ரம்பம்னு அது கத்துக்கிச்சு. வேரும் வேரும் மண்ணுக்குள்ள பின்னிக் கிடக்கு. ஒரு மரத்துக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்ச மாதிரி.”

“அப்ப துரைராஜு?”

“அவர் சொல்லாம கொள்ளாம வந்து வெட்டுறார். வலிக்கிறதுக்கு முன்னாடி பயப்பட மரத்துக்கு நேரமே கிடைக்கலை. அதான் பச்சை.”

“பச்சைன்னா சம்மதம் இல்லீங்களா?”

வெண்பா காப்பித் தம்ளரைச் சுற்றினாள். “பச்சைன்னா... இன்னும் தெரியலைன்னு அர்த்தம், அங்கிள். கம்பெனியில இதை நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க.”

இத்தனை காலம் மரத்துக்கு மரியாதை என்று நினைத்துத் தட்டினாரே பூபதி, அது பரீட்சைக்கு முன்னால் அடிக்கிற மணியாக அல்லவா இருந்திருக்கிறது!

“வழி ரொம்ப லேசு. தட்டாதீங்க. பச்சை எரியும். வெட்டிரலாம்” என்றாள் வெண்பா.

“அப்ப நாளையில இருந்து திருடனாட்டம் போங்க. பூனைக்கால் வெச்சு ஏறுங்க” என்றாள் ஹேமலதா. ஆனால் சிரிக்கவில்லை. துளசிமணியின் வண்டி எங்கே நிற்கிறது என்று அவளுக்கும் தெரியும்.

வெண்பா பேசியதால் கனகசபை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தடவை முயற்சி செய்ய ஒத்துக்கொண்டார். “ஆனா ரூல்னா ரூல். ரம்பம் தொடறப்ப சிவப்பா இருந்தா இறங்கிரணும். சாட்சி நான்.” சட்டப்படி ஒரு சாட்சி விளக்கைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

உச்சி வெயில். தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள், பூபதி அவமானப்படுவதை ஒருதடவை நேரில் பார்த்துவிடலாம் என்று. துளசிமணி முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் தள்ளி எதிர்ச் சுவரோரம் நிறுத்தினாள். பூபதி கயிற்றையும் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு, உலோகம் உலோகத்தில் படாமல், தொண்டையைக்கூடச் செருமாமல் ஏறினார். அவர் வாழ்க்கையில் பேசாமல் மரம் ஏறியது அதுதான் முதல் தடவை. புல்லாங்குழல் அதுபாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது. துரைராஜும் வந்து கைகட்டி நின்றார்.

தெற்குக் கிளை. ரம்பத்தை எடுத்தார். ஒரு வினாடிதான். வைத்தால் முடிந்தது.

வைக்க முடியவில்லை.

கிளையின் கழுத்தில் எதுவரை அழுகல், எங்கே கெட்டிக்கட்டை ஆரம்பம் என்று தட்டாமல் எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் வெட்டினால் அழுகல் மரத்திலேயே தங்கும். அந்தப் பக்கம் போனால் நல்ல சதை போகும். இதைத்தான் அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். உண்மை அதுமட்டும் இல்லை. தூங்குகிற பிள்ளையின் பின்னால் கத்தரிக்கோலோடு நிற்பது போல இருந்தது அவருக்கு. துரைராஜின் தொழிலில் ஒரே ஒரு கஷ்டம் இருந்திருக்கிறது. இத்தனை நாள் அது பூபதிக்குத் தெரியாமல் போயிற்று.

“டேய் பூபதி, நீயெல்லாம் உருப்பட மாட்டே” என்று தமக்கே சொல்லிக்கொண்டு இடுப்பிலிருந்து கொட்டாப்புளியை உருவினார்.

டொக். டொக். டொக்.

பெட்டி கூவியது. தெருவே சேர்ந்து கூவியது. ஏதோ ஒரு வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது.

“அங்கிள்!” என்றாள் வெண்பா, தலையில் கைவைத்து.

“சிவப்பு. இறங்குங்க பூபதி” என்றார் கனகசபை.

பூபதி இறங்கத் திரும்பினார். கீழே ஹேமலதாவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்போதுதான் துளசிமணி நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

“ஏனுங், அந்தக் கிளை மட்டும் எதுக்குங்க தூங்குது?”

எல்லோரும் பார்த்தார்கள். பொழுது சாய்ந்தாலோ மழை இருட்டினாலோ இலைகளை மூடிக்கொள்கிற மரம் அது. அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் இப்போது உச்சி வெயில். மரம் முழுக்க இலை விரித்துப் பளபளவென்று நிற்கிறது. தெற்குக் கிளையில் மட்டும் ஒவ்வொரு இலையாக, கைகூப்புகிற மாதிரி, மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. நுனியிலிருந்து கழுத்துவரை. கழுத்தோடு நின்றுவிட்டது.

வெண்பா கையிலிருந்த கம்பெனிச் சோதனைக் கருவியைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், மறுபடி கருவியைப் பார்த்தாள். “தண்ணியை உள்ள இழுத்துக்குது. அந்தக் கிளையில இருந்து மட்டும். பயந்திருந்தா எல்லா இலையும் மூடணும்...” குரல் தணிந்தது. “வெட்டப்போறீங்கன்னு தெரிஞ்சு, அந்த அறைக்கு மட்டும் கதவைச் சாத்துது அங்கிள். காயம் சீக்கிரம் ஆறட்டும்னு.”

“அப்பறம் எதுக்குங்க கத்துது?” என்று வாசலில் ஒருவர்.

“எங்க சின்னவன ஊசி போடக் கூட்டீட்டுப் போனா நர்சம்மாவப் பாத்ததும் ஊரக் கூட்டுவானுங்க” என்றாள் துளசிமணி. “கத்திக்கிட்டேதான் கையை நீட்டுவான். கத்தறதெல்லாம் வேண்டாங்கறதுங்களா?”

மரத்துமேல் பூபதி அசையாமல் இருந்தார். எத்தனை வருஷம்! தட்டிவிட்டு, இலையைப் பார்க்காமல், கீழே நிற்பவர்கள் தம்மைப் பார்க்கிறார்களா என்றே பார்த்திருக்கிறார். பிரசங்கம் முடிந்து திரும்பும்போது காற்றில் இலை ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மர வைத்தியராம். பலகை வேறு.

“எல்லாம் சரி. ரூல்ல விளக்கைப் பத்தித்தான் போட்டிருக்கு, இலையைப் பத்தி ஒண்ணும் இல்லையே” என்றார் கனகசபை. குரலில் பழைய பிடி இல்லை. பாவம், அவரும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

துளசிமணி வண்டியிலிருந்து நனைத்துப் பிழிந்த ஒரு வேட்டியை எடுத்தாள். உதறினாள். போய் மரவாய்ப் பெட்டிமேல் நன்றாகப் போர்த்தி, முனையை இழுத்துக் கட்டினாள். கூவல் தலையணைக்குள் அழுகிற மாதிரி அமுங்கியது. விளக்கு தெரியவில்லை.

“அது என் வேட்டியாச்சே” என்றார் கனகசபை.

“ஆமாங்க. காயப் போட்டிருக்கறனுங்க. இப்ப என்ன வெளக்கு எரியுதுங்க சாமி?”

கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். “எனக்கு ஒண்ணும் தெரியலை” என்றார். வாழ்நாளில் விதியைவிட்டு அவர் நகர்ந்தது அவ்வளவுதான். அதற்கே வேர்த்துவிட்டது.

பூபதி வெட்டினார். தட்டிக் கேட்ட இடத்தில், மூடிய இலைகள் நின்ற கழுத்தில். கயிற்றில் கட்டி இறக்குவதற்குள் கிளை பாதியில் தானாகவே முறிந்து, தேய்ப்பு வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில் விழுந்தது. உள்ளே கட்டையே இல்லை. காப்பித்தூள் மாதிரி கறுப்பு மண்தான். துளசிமணி பொந்துக்குள் முழங்கைவரை கையைவிட்டு எடுத்தாள். அள்ளின மண்ணைப் பார்த்தாள். தான் தினமும் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

யாரும் கைதட்டவில்லை. துரைராஜ் மட்டும் அருகில் வந்து, “எப்புடிங்க தட்டறது, சித்தெ காட்டுங்க” என்று மெதுவாகக் கேட்டார். பூபதி ஒரு பிரசங்கமும் செய்யாமல் காட்டினார். ஹேமலதாவுக்கு அதுதான் அன்றைக்குப் பெரிய அதிசயம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பூபதிக்குக் கால் தரையில் படவில்லை. வாசலில் வண்டியைவிட்டு இறங்கினதும், நல்ல சேதியை முதலில் இதற்குத்தான் சொல்லவேண்டும் என்பது போல வேப்பமரத்தில் தட்டினார்.

டொக். டொக். டொக்.

பச்சை. புல்லாங்குழல்.

பூபதி சிரிப்போடு நின்றார். பிறகு சிரிப்பு நின்றது. மறுபடி தட்டினார். பலமாக. புல்லாங்குழல்.

“என்னங்க? அதுதான் உங்கள நம்பற மரமாச்சே” என்றாள் ஹேமலதா.

“பச்சைன்னா தெரியலைன்னு அர்த்தம்னு அந்தப் புள்ள சொல்லுச்சல்ல.” அவர் அண்ணாந்து பார்த்தார். பலகைக்குப் பின்னால் கொழுந்து விடவேண்டிய நுனியெல்லாம் மொட்டைக் குச்சி. கீழே பார்த்தார். பட்டையைத் தொட்டுக்கொண்டு டைல்ஸ். ஒரு விரல் மண் இல்லை. சொட்டுத் தண்ணீர் இறங்க வழி இல்லை. “இதுக்கு என்னையத் தெரியல ஹேமா. எதையுமே தெரியல. கத்தறதுக்குக்கூடத் தெம்பில்ல.”

ஹேமலதா வாயைத் திறந்தாள். டைல்ஸைப் பற்றி அவள் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது, எல்லாம் நியாயம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்தாள்.

அன்றே பெயர்த்தார்கள். இரண்டு பலகைகளையும் இறக்கினார்கள். ஊர் மரங்களுக்கெல்லாம் வேர் முதல் நுனி வரை பார்த்த மனிதர், சொந்த வாசலில் குப்புறப் படுத்துக் கையால் மண்ணைக் கொத்திவிட்டார். தொழு உரம் போட்டார், தண்ணீர் விட்டார். தினம் காலையில் பல் விளக்கும் முன்னால் போய்த் தட்டுவார். புல்லாங்குழல் ஊதும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். ஊரில் வேலை மறுபடி வர ஆரம்பித்திருந்தது. வேலவன் நகரில் கொட்டாப்புளி பட்டதுமே கூவல் வாழ்த்தி வரவேற்கும். ஜனங்கள் இப்போது விளக்கைத் துணியால் மூடிவிட்டு இலையைப் பார்க்கப் பழகியிருந்தார்கள். ஆனால் சொந்த வாசலில் ஊதும் அந்தக் குழலைக் கேட்டால் மட்டும் அவருக்குச் சோறு இறங்காது.

ஐப்பசி அடைமழை கொட்டி ஓய்ந்த ஒரு காலை. வழக்கம்போலப் போய்த் தட்டினார்.

பெட்டி முதலில் இருமியது. விளக்கு பச்சையா சிவப்பா என்று தடுமாறியது. பிறகு, கேட்கச் சகிக்காத குரலில், தொண்டை கிழிய, கூவ ஆரம்பித்தது.

ஹேமலதா கரண்டியோடு ஓடிவந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “ஏனுங் பூபதியண்ணா, வெடியக்காலையிலயே ஆரம்பிச்சாச்சுங்களா? அதை நிறுத்தித் தொலைங்க.”

பூபதி ஈர மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கொட்டாப்புளி மடியில் கிடந்தது. கண்ணைத் துடைக்காமல், எதிர்வீட்டைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்தினார்.

“சித்தெ சும்மா இருங்க சாமி. எம்மரம் என்னையத் திட்டுது. கேட்டுக்கறேன்.”